புது கருப்பு கார்: பெயிண்ட்ல என்ன தெரியுதோ அங்கேர்ந்து ஆரம்பிங்க

மேடவாக்கம் பக்கம் சின்னதா ஒரு டீடெய்லிங் கடை, அதாவது கார் பெயிண்ட்ட சுத்தம் பண்ணி பாலிஷ் போடற கடை, வெச்சிருக்கேன். கருப்பு கார் வாங்கினவங்க ரெண்டு மாசத்துல போன் போடுவாங்க, பேச்சு பெரும்பாலும் ரெண்டு வகை தான், "அண்ணே வெயில்ல நிறுத்தினா கோடு கோடா தெரியுது", இல்லன்னா "அண்ணே கழுவி முடிச்சா வெள்ளை புள்ளி நிக்குது". ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். உங்க கார்ல என்ன தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொன்னுலயும் காசில்லாம சரியாகற காரணம் முதல்ல வரும், பர்ஸ்ல கை வைக்கறது கடைசில வரும். கடைக்காரன் நானே சொல்றேன், இதுல நிறைய விஷயத்துக்கு நீங்க கடைக்கே வர வேண்டாம்.

முதல்ல இத பண்ணுங்க, அப்புறம் தான் எது எதுன்னு தெரியும்

தூசியோட இருக்கற கார்ல எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஷாம்பு போட்டு கழுவி, காய வெச்சு, நிழல்ல நிறுத்தி, போன் டார்ச்ச பெயிண்ட்டுக்கு ஒரு அடி தூரத்துல சாய்ச்சு பிடிச்சு பாருங்க. அப்புறம் கைல ஒரு மெல்லிசான பாலிதீன் கவர மாட்டிக்கிட்டு பேனட் மேல லேசா தடவுங்க, வெறும் விரலுக்கு தெரியாத சொரசொரப்பு கவர் வழியா நல்லா தெரியும். கடைசியா ஏதாவது கோடு இருந்தா நகத்த குறுக்க ஓட்டி பாருங்க, நகம் மாட்டுதா வழுக்கிட்டு போகுதான்னு.

ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. கலருக்கு மேல நிறமில்லாம இருக்கற பாதுகாப்பு பூச்சு, அதாவது கிளியர் கோட், 40, 50 மைக்ரான் தான், ஏ4 பேப்பரோட தடிமன்ல பாதி. பாலிஷ் பண்றதுன்னா அதுலேர்ந்து கொஞ்சத்த செதுக்கி எடுக்கறது. அதனால "வருஷா வருஷம் பாலிஷ் போட்டா நல்லது"ன்னு யாராவது சொன்னா தலைய ஆட்டிட்டு வந்துடுங்க.

அறிகுறி 1: வெயில்லயோ டார்ச்லயோ வட்ட வட்டமா மெல்லிய கோடு

வெளிச்சம் விழற இடத்த சுத்தி சிலந்தி வலை மாதிரி தெரியும், டார்ச்ச நகர்த்தினா வலையும் கூடவே நகரும். வெள்ளை கார்லயும் இதே கோடு இருக்கு, கண்ணுக்கு தெரியாது அவ்வளவு தான். கருப்புல ஒளிய இடமில்ல.

*துடைச்சா போகுதா?*

ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர்ல எடுத்து ஒரு கையளவு இடத்துல மெதுவா துடைங்க. ரிச்சி தெருல எலக்ட்ரானிக்ஸ் கடைல போர்டு துடைக்கறதுக்குன்னு விக்கறாங்களே அதே தான். துடைச்சதும் கோடு போயிட்டா அது கீறலே இல்ல, டேஷ்போர்டு ஸ்ப்ரேயோ மெழுகோ சரியா துடைக்காம படிஞ்சது. முழு கார்லயும் துடைச்சுட்டு வேலைய பாருங்க. துடைச்சப்புறம் கோடு இன்னும் தெளிவா தெரிஞ்சா கீறல் தான், கீழ படிங்க.

*தினமும் யாராவது துடைக்கறாங்களா?*

கிட்டத்தட்ட எல்லா கேஸும் இங்க தான் முடியும். அப்பார்ட்மென்ட்ல காலைல அஞ்சரை மணிக்கு ஒருத்தர் வருவார், ஒரு பக்கெட், ஒரு துணி, இருபது கார். முதல் கார்ல எடுத்த மண்ணு உங்க காருக்கு வர்றப்போ துணிலயே உக்காந்திருக்கும், அத ராத்திரி விழுந்த தூசி மேல வெச்சு வட்டமா தேய்ப்பார். அவர குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, அவருக்கு நாம கொடுக்கற காசுக்கு ரெண்டு பக்கெட்டும் பத்து துணியும் எதிர்பாக்கறது நியாயமே இல்ல. நான் எல்லார்கிட்டயும் சொல்றது, அவர நிறுத்தாதீங்க, மாசக் காச குறைக்காதீங்க, "அண்ணா கண்ணாடி, டயர், உள்ள மேட் மட்டும் பாத்துக்கோங்க, பாடிய தொடவே வேணாம், தூசியா இருந்தாலும் பரவால்ல"ன்னு சொல்லிடுங்க. முதல் வாரம் பழக்க தோஷத்துல துடைச்சுடுவார், இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்க. வீட்ல அப்பா இருந்தா அவர்கிட்டயும் சொல்லணும், பழைய பனியன் துணியோட அவர் நிக்கறத தடுக்கறது தான் இதுல கஷ்டமான வேலை.

கார்லயே வெச்சிருக்கற அந்த நீளமான பஞ்சு டஸ்டரும் இதே கணக்கு தான், காஞ்ச தூசிய இழுத்துட்டு போறது கோடு போட்டுக்கிட்டே தான் போகும். தெருப்பசங்க தூசில விரலால பேர் எழுதிட்டு போனா உடனே துணிய எடுத்து அழிக்காதீங்க, தண்ணி ஊத்தி கழுவுங்க. எழுதினப்பவே கோடு விழுந்திருக்கும், துடைச்சா அந்த பேர் அடுத்த பாலிஷ் வரைக்கும் நிக்கும்.

*துடைக்கல, ஆனா கவர் போடறேன்*

நைலான் கவர தூசி இருக்கற கார் மேல போட்டா காத்துல கவர் அசைய அசைய தேய்ச்சுக்கிட்டே இருக்கும். அங்கங்க திட்டு திட்டா, முக்கியமா கண்ணாடி மூலை, பேனட் ஓரம், டிக்கி விளிம்புன்னு கவர் இறுக்கமா படற இடத்துல மட்டும் மங்கலா இருந்தா காரணம் கவர் தான். கூரை இருக்கற பார்க்கிங்ல கவரே வேணாம்.

*வாட்டர் வாஷ் கடைல விடறேன்*

அங்க போனா ஒரு தடவை நின்னு பாருங்க. வீல் ஆர்ச் தேய்ச்ச ஸ்பாஞ்ச் அப்படியே கதவுக்கு வருதா? வருதுன்னா அடுத்த தடவை "அண்ணே ஃபோம் அடிச்சு பிரஷர் தண்ணி மட்டும் அடிங்க, கை வைக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க, கொஞ்சம் அழுக்கு நிக்கும், நிக்கட்டும். பிரஷ் சுத்தற ஆட்டோமேட்டிக் வாஷ் கருப்பு காருக்கு வேண்டவே வேண்டாம்.

*எதுவுமே பண்ணல, டெலிவரிலயே இப்படி வந்துச்சு*

இதுவும் நடக்குது. கார யார்டுலேர்ந்து எடுத்து டெலிவரிக்கு தயார் பண்றப்போ அவசரத்துல துடைப்பாங்க. இன்னும் டெலிவரி எடுக்கலன்னா சேல்ஸ் ஆள்கிட்ட "ரப்பிங், பாலிஷ் எதுவும் போட வேணாம், தண்ணி ஊத்தி கொடுத்தா போதும்"னு எழுத்துல, அதாவது வாட்ஸப்ல, சொல்லி வெச்சுடுங்க. டெலிவரிய ராத்திரி ஷோரூம் லைட்ல எடுக்காம பகல்ல வெளிய நிறுத்தி பாத்து எடுங்க.

*வீட்ல எப்படி கழுவறது*

ரெண்டு பக்கெட், ஒன்னுல ஷாம்பு தண்ணி, இன்னொன்னுல வெறும் தண்ணி. முதல்ல ஹோஸ்ல மண்ணு முழுக்க போற வரைக்கும் தண்ணி விடுங்க, இந்த இடத்துல எவ்வளவு நேரம் செலவு பண்றீங்களோ அவ்வளவுக்கு கோடு குறையும். அப்புறம் மைக்ரோஃபைபர் கிளவ்ஸ ஷாம்புல முக்கி ஒரு பேனல் கழுவினதும் வெறும் தண்ணி பக்கெட்ல அலசிட்டு தான் மறுபடி ஷாம்புக்கு போகணும். மேலேர்ந்து கீழ, நேர் கோட்டுல, வட்டமா தேய்க்காம. கதவோட கீழ்ப்பக்கமும் பம்பரும் கடைசில, அதுக்கு தனி துணி. பாத்திரம் தேய்க்கற லிக்விட் வேணாம், மேல ஏதாவது மெழுகு இருந்தா அதையும் எடுத்துட்டு போயிடும். துணி கீழ விழுந்தா அந்த துணி இனிமே டயருக்கு தான். மைக்ரோஃபைபர தனியா துவைங்க, கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் போட்டா அதோட உறிஞ்சற தன்மை போயிடும்.

*எப்போ கடைக்கு வரணும்*

மேல சொன்ன காரணத்த எல்லாம் நிறுத்தினதுக்கு அப்புறம். நிறுத்தாம பாலிஷ் பண்ணினா மூணு மாசத்துல அதே வலை மறுபடி வந்துடும், கிளியர் கோட் மட்டும் மெலிஞ்சிருக்கும். கையால ரப்பிங் கம்பவுண்ட் தேய்ச்சு எடுக்கலாம்னு யூட்யூப்ல பாத்துட்டு இறங்காதீங்க, கருப்புல கைத்தடம் அப்படியே தெரியும். டிஏ மெஷின் (சுத்திக்கிட்டே ஆடற, பெயிண்ட்டுக்கு பாதுகாப்பான பாலிஷ் மெஷின்), சாஃப்ட் பேடு, ஃபைன் பாலிஷ்னு ஒரே ஒரு ஸ்டெப் போதும், புது காருக்கு கனமான கம்பவுண்ட் தேவையே இல்ல. எங்க ஏரியாவுல கார் சைஸ பொறுத்து ஆறாயிரத்துலேர்ந்து பதினஞ்சாயிரம் வரைக்கும் கேப்பாங்க. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி திக்னஸ் கேஜ், அதாவது பெயிண்ட் தடிமன அளக்கற கருவி, வெச்சு அளக்கறாங்களான்னு பாருங்க, கேஜே இல்லாத கடைன்னா கிளம்பிடுங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை, ஜன்னலுக்கு நடுவுல வர்ற அந்த பளபள கருப்பு பில்லர் நிறைய கார்ல பெயிண்ட்டே கிடையாது, பிளாஸ்டிக் இல்லன்னா ஒட்டின ஃபிலிம். அது பாத்தாலே கோடு விழற ரகம், மெஷின்ல தேய்ச்சும் பெருசா எடுக்க முடியாது, புதுசா இருக்கறப்பவே ஒரு துண்டு பிபிஎஃப் (பெயிண்ட்ட காப்பாத்த மேல ஒட்டற கண்ணாடி மாதிரி ஃபிலிம்) ஒட்டிடுங்க, சின்ன செலவு தான்.

அறிகுறி 2: கழுவி காஞ்சதும் வெள்ளை வெள்ளையா வட்டப் புள்ளி

தென் சென்னைல இது தான் ராஜா. போர் தண்ணில இருக்கற உப்பு, தண்ணி ஆவியானதும் அப்படியே உக்காந்துக்கும். கருப்பு பேனட் மதிய வெயில்ல கை வைக்க முடியாத சூட்டுல இருக்கும், அதுல ஊத்தின தண்ணி நீங்க துணி எடுக்கறதுக்குள்ள காஞ்சுடும்.

*ஈரத்துணி வெச்சா மறையுதா, காஞ்சதும் திரும்ப வருதா?*

முதல்ல வேற எதையும் வாங்காம, நிழல்ல, பேனல் குளிர்ந்ததும், நல்ல தண்ணில ஷாம்பு போட்டு ஒரு தடவை கழுவி உடனே ஒத்தி எடுங்க. புதுசா படிஞ்ச உப்பு இதுலயே போயிடும்.

*போகல, விரல்ல தடவினா லேசா மேடா இருக்கு*

வெள்ளை வினிகரும் தண்ணியும் சம பங்கு. டிக்கி கீழ மாதிரி கண்ணுக்கு படாத இடத்துல ஒரு தடவை சோதிச்சுட்டு, துணிய அதுல நனைச்சு புள்ளி மேல ஒரு நிமிஷம் போர்த்தி வைங்க, காய விடாதீங்க, எடுத்துட்டு நிறைய தண்ணி ஊத்தி ஷாம்பு போட்டு கழுவிடுங்க. சரியாகலன்னா இன்னொரு தடவை. எலுமிச்சம்பழத்த நேரா வெட்டி தேய்க்கறது, டாய்லெட் கிளீனர் ஊத்தறது, இந்த ரெண்டும் வேண்டாம், ரெண்டாவத பண்ணிட்டு வந்தவங்களும் இருக்காங்க. வினிகர் மேல இருக்கற மெழுக எடுத்துடும், அதனால அப்புறம் ஒரு தடவை மெழுகோ சீலண்ட்டோ (மெழுகு மாதிரியே பெயிண்ட்ட மூடற செயற்கை பூச்சு) போட்டுடுங்க.

*மேடு இல்ல, ஆனா வட்டமா பள்ளம் மாதிரி தெரியுது*

உப்பு கிளியர் கோட்ட அரிச்சுடுச்சு. வினிகர் இதுக்கு வேலை செய்யாது, பாலிஷ் தான், கடைக்கு வாங்க. ஆழமா போயிருந்தா பாலிஷ்லயும் முழுசா போகாது, பாதி குறைஞ்சதும் நிறுத்திக்கறது தான் புத்திசாலித்தனம். கேட்டா நான் நிறுத்திடுவேன், சில பேர் "இன்னும் கொஞ்சம் எடுங்க அண்ணே"ன்னு நிப்பாங்க, அங்க தான் கிளியர் கோட் ஓட்டையாகும்.

*திரும்ப வராம இருக்க*

இத நல்லா படிங்க. வீட்ல ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய போற தண்ணிய வீணாக்க வேணாம்னு பக்கெட்ல பிடிச்சு கார் கழுவறாங்க. நல்ல எண்ணம் தான், ஆனா மெஷின் பிரிச்சு எடுத்த உப்பு முழுக்க அந்த தண்ணில தான் இருக்கு, போர் தண்ணிய விட மோசம். அத வாசல் கழுவ வெச்சுக்கோங்க. அதுக்கு பதிலா ஏசி பைப்ல சொட்டுதே அந்த தண்ணிய பிடிங்க. காத்துல இருக்கற ஈரம் குளிர்ந்து விழறது, உப்பே கிடையாது. நம்ம ஊரு புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஓடின ஏசில அரை பக்கெட்டுக்கு கிட்ட சேரும். போர் தண்ணில கழுவுங்க, கடைசி அலசலுக்கு மட்டும் இந்த ஏசி தண்ணிய மெல்லிய துணில வடிகட்டி மேலேர்ந்து ஊத்துங்க. பத்து ரூபா செலவில்லாம புள்ளி பாதிக்கு மேல குறையும். கழுவற நேரம் காலைல ஏழு மணிக்குள்ள, இல்ல சாயந்திரம் வெயில் தாழ்ந்து பேனட் ஆறினப்புறம்.

ஸ்பிரிங்க்ளர் ஓடற தோட்டத்து ஓரம் பார்க்கிங்னா இடத்த மாத்தச் சொல்லி அசோசியேஷன்ல கேளுங்க, வேற வழியே கிடையாது.

அறிகுறி 3: காக்கா, புறா எச்சம் எடுத்தப்புறமும் அச்சு நிக்குது

*எச்சம் இன்னும் மேல இருக்கு*

காஞ்சத சொரண்டாதீங்க, டிஷ்யூவால தேய்க்காதீங்க, உள்ள மண்ணும் கொட்டையும் இருக்கும். டிஷ்யூவ தண்ணில நனைச்சு மேல போர்த்தி அஞ்சு நிமிஷம் விடுங்க, ஊறினதும் கிள்ளி எடுக்கற மாதிரி தூக்குங்க, மிச்சத்துக்கு இன்னொரு ஈர டிஷ்யூ. கதவு பாக்கெட்ல ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டில் தண்ணியும் நாலு டிஷ்யூவும் எப்பவும் இருக்கட்டும். ஏப்ரல், மே வெயில்ல காலைல விழுந்தது சாயந்திரத்துக்குள்ள அச்சு பதிச்சுடும், ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருந்தா நானும் ஒன்னும் பண்ண முடியாது.

*எடுத்தாச்சு, மங்கலா ஒரு தடம்*

ஒரு வாரம் விட்டுட்டு பாருங்க, லேசான அச்சு வெயில்ல தானா அடங்கறதும் உண்டு. நிக்குதுன்னா அந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ், முழு பேனட்டுக்கு காசு வாங்கறேன்னு சொன்னா ஏன்னு கேளுங்க. விளிம்பு சுருங்கி வெடிப்பு மாதிரி தெரிஞ்சா பாலிஷ் எல்லை தாண்டிடுச்சு, அந்த பேனல பெயிண்ட் பண்ணணும். சின்ன இடமா இருந்தா நான் அப்படியே விட்டு வைக்கச் சொல்லுவேன், கம்பெனி பெயிண்ட் போனா போனது தான்.

அறிகுறி 4: கழுவினப்புறமும் கைக்கு சொரசொரன்னு இருக்கு

பாலிதீன் கவர் சோதனைல தெரிஞ்சது இது. எங்க நிறுத்தறீங்கன்னு சொன்னா பாதி பதில் கிடைச்சுடும்.

*மரத்தடில*

வேப்பமரம், புங்க மரம்னா பிசின். மாமரம் பூக்கற சீசன்ல தத்துப்பூச்சி விடற பிசுபிசுப்பு பொடி பொடியா மழை தூவின மாதிரி விழுந்திருக்கும், அதுமேல தூசி ஒட்டி கருப்பா பூஞ்சை பிடிக்கும். புதுசுன்னா வெதுவெதுப்பான தண்ணியும் ஷாம்புவும் போதும். காஞ்சு கெட்டியானதுக்கு அறிகுறி 1ல சொன்ன ஆல்கஹால் கலவைய துணில ஊறவெச்சு மேல ஒரு நிமிஷம் வெச்சு எடுங்க. நாவல் மரத்தடில நிறுத்தறவங்களுக்கு எங்கிட்ட யோசனை எதுவும் இல்ல, சீசன் முடியற வரைக்கும் வேற இடம் தேடுங்க.

*ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்ல, இல்ல வெல்டிங் பட்டறை பக்கத்துல*

இரும்புத் துகள். பிரேக் கட்டையும் தண்டவாளமும் சக்கரத்தோட உரசி பறக்கற பொடி, பெயிண்ட்ல குத்திக்கிட்டு துரு பிடிக்கும். வெள்ளை கார்ல ஆரஞ்சு புள்ளியா பளிச்சுனு தெரியும், கருப்புல கண்ணுக்கே படாது, கைக்கு மட்டும் தான். அயர்ன் ரிமூவர்னு ஆன்லைன்லயே கிடைக்குது. குளிர்ந்த பேனல்ல அடிச்சு மூணு நாலு நிமிஷம், காய விடாம கழுவணும். அழுகின முட்டை நாத்தம் வரும், அது அப்படித்தான். இரும்ப தொட்டதும் ஊதாவா மாறும், கருப்பு பெயிண்ட் மேல அந்த கலர் தெரியாது, அதனால வழிஞ்சு தரைல சொட்டற தண்ணிய பாருங்க, ஊதாவா ஓடினா மருந்து வேலை செய்யுது, நிறமே இல்லன்னா உங்க பிரச்சனை இரும்பு இல்ல.

*மெட்ரோ வேலை, கட்டட வேலை நடக்கற ரோடு*

சிமெண்ட் தூசி. எங்க ரோட்ல வருஷக்கணக்கா இத பாத்துக்கிட்டு இருக்கோம். ராத்திரி பனில நனைஞ்சு காலைல வெயில்ல இறுகி அப்படியே செட் ஆயிடும். கை வைக்காம முதல்ல நிறைய தண்ணி, பிரஷர் வாஷர் இருந்தா ரெண்டடி தள்ளி நின்னு. மிச்சத்துக்கு மேல சொன்ன வினிகர் துணி, ரெண்டு மூணு தடவை. ஈர சிமெண்ட் கலவை கட்டி கட்டியா தெறிச்சு காஞ்சிருந்தா நீங்க தொடாதீங்க, அதுக்குன்னு கெமிக்கல் இருக்கு, கடைல பாத்துக்கட்டும்.

*புது தார் ரோட்ல போனேன்*

கதவு கீழ கருப்பு கட்டி, கருப்பு கார்ல தெரியாது ஆனா கைக்கு தெரியும். டார் ரிமூவர் போதும். அவசரத்துக்கு மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு வெச்சு எடுத்துட்டு உடனே ஷாம்பு போட்டு கழுவிடலாம், பெட்ரோல் வேண்டாம்.

*இது எதுவுமே இல்ல, ஆனா சொரசொரப்பு இருக்கு*

பக்கத்துல கேட்டுக்கோ கிரில்லுக்கோ ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சிருக்காங்களான்னு விசாரிங்க. அடிச்சிருந்தா கிளே பார் தான், பெயிண்ட்ல ஒட்டினத தேய்ச்சு இழுத்து எடுக்கற களிமண் மாதிரி கட்டி. கருப்பு கார்ல கிளே ஓட்டினா, எவ்வளவு லூப்ரிகண்ட் போட்டாலும், மெல்லிய கோடு விழும், அப்புறம் பாலிஷ் போட்டே ஆகணும். அதனால கிளேய கடைசி வழியா வெச்சுக்கோங்க. பண்ணினா சின்ன துண்டா எடுத்து, அழுக்கானதும் மடிச்சு புதுப்பக்கம் வர வெச்சு, கீழ விழுந்துட்டா குப்பைல போட்டுடுங்க.

அறிகுறி 5: பூஜை போட்ட இடத்துல மஞ்சளா, சிவப்பா கறை

பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்கு புது வண்டி கொண்டு போகாம சென்னைல யார் இருக்கா. பேனட்ல சந்தனம் குங்குமம் வெச்சு, மேல மாலை போட்டு, மாலை விழாம இருக்க செல்லோ டேப் ஒட்டி, அப்படியே ரெண்டு நாள் பெருமையா ஓட்டிட்டு வருவாங்க.

காஞ்ச சந்தனத்த துணியால தேய்ச்சா அது உப்புத்தாள் போடற வேலைய தான் பண்ணும். தண்ணிய ஊத்தி ஊறவிட்டு தானா வழிஞ்சு போக விடுங்க, அப்புறம் ஷாம்பு. நிறம் நின்னா அறிகுறி 1ல சொன்ன ஆல்கஹால் கலவை. டேப் பசைக்கும் அதே தான். மாலைல இருக்கற கம்பி கோடு போட்டிருந்தா அடுத்த தலைப்புக்கு போங்க. அடுத்த ஆயுத பூஜைலேர்ந்து பொட்ட கண்ணாடிலயும் நம்பர் பிளேட்லயும் வெச்சுக்கோங்க, சாமி கோச்சுக்காது, அம்மா மட்டும் தான் ரெண்டு நிமிஷம் கோச்சுக்குவாங்க. மாலைய கிரில்ல நூல்ல கட்டுங்க. எலுமிச்சம்பழம் டயருக்கு அடில போறது, அதனால பெயிண்ட்டுக்கு ஒன்னும் இல்ல.

அறிகுறி 6: தனியா ஒரு நீளமான கோடு

நகம் வழுக்கிட்டு போகுது, தண்ணி தெளிச்சா கோடு மறையுது: கிளியர் கோட்ல மேலாக்க தான், அந்த இடத்துல மட்டும் பாலிஷ் பண்ணினா போகும்.

நகம் மாட்டுது, உள்ள கருப்பு தான் தெரியுது: பாலிஷ்ல ஓரம் மழுங்கி குறைஞ்ச மாதிரி தெரியும், முழுசா போகாது. எட்டி நின்னா தெரியலன்னா விட்டுடுங்க.

உள்ள வெள்ளையோ சாம்பலோ தெரியுது: கலருக்கு அடில இருக்கற பூச்சு, அதாவது பிரைமர், வந்துடுச்சு. கருப்பு கார்ல இது தான் கண்ண உறுத்தும். டச்சப் பேனா வாங்குங்க, கலர் கோடு டிரைவர் கதவ திறந்தா பில்லர்ல ஸ்டிக்கர்ல இருக்கும், இல்லன்னா டீலர்கிட்ட சேஸ் நம்பர் கொடுத்தா சொல்லிடுவாங்க. கருப்புலயே பல கருப்பு இருக்கு, மெட்டாலிக், பேர்ல், சாதான்னு, குத்துமதிப்பா வாங்காதீங்க.

தகடு பளபளன்னு தெரியுது: அது ஸ்டீல் பேனல்னா மழைக்காலத்துக்கு முன்னாடி மூடியே ஆகணும், துரு ஆரம்பிச்சா பெயிண்ட்டுக்கு அடில ஓடும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடறதா வேணாமான்னு முன்னாடி கணக்கு போட்டுக்கோங்க, சின்ன வேலைக்கு நோ கிளெய்ம் போனஸ் போனா நஷ்டம்.

அறிகுறி 7: பேனட் முன்பக்கமும் பம்பரும் சின்ன சின்னதா வெள்ளை குத்து

கல்லடி. ஜிஎஸ்டி ரோட்ல ஜல்லி லாரி பின்னாடி போறதுக்கு கிடைக்கற பரிசு. கழுவற கோணத்துல எதுவும் பண்ண முடியாது. பம்பர்ல இருக்கறது பிளாஸ்டிக் மேல, துரு பிடிக்காது, அழகு மட்டும் தான் பிரச்சனை. பேனட்ல இருக்கறதுக்கு டச்சப் பெயிண்ட்ட தீக்குச்சி முனைல தொட்டு குழிக்குள்ள மட்டும் ஒரு பொட்டு வைங்க, பிரஷ்ல இழுத்தா கம்பளிப்பூச்சி மாதிரி மேல உக்காந்துக்கும். லாரி பின்னாடி தூரம் விடுங்கன்னு சொல்றது தவிர இதுக்கு தடுப்பு ஒன்னே ஒன்னு தான், பிபிஎஃப், அத கடைசில சொல்றேன்.

பூச்சி அடிச்சதும் இங்க தான் சேரும். ராத்திரி விழுப்புரம் தாண்டி ஓட்டிட்டு வந்தா பம்பர் முழுக்க இருக்கும், காலைல எழுந்ததும் ஈரத்துணி போட்டு ஊறவெச்சு எடுத்துடுங்க.

அறிகுறி 8: பாலிஷ் போட்டு வந்த கார், வெயில்ல அலை அலையா புகை மாதிரி

*அன்னிக்கே தெரியுது*

ரோட்டரி மெஷின, அதாவது ஒரே இடத்துல வட்டமா மட்டும் சுத்தற பாலிஷ் மெஷின, ஓட்டத் தெரியாம ஓட்டின தடம். எல்லாரும் இத ஹாலோகிராம்னு சொல்லுவாங்க. ஃபைன் பேடு வெச்சு ஒரு ரவுண்டு டிஏ ஓட்டினா போயிடும், அந்த கடைக்கே போய் பகல் வெளிச்சத்துல நிறுத்தி காட்டி இலவசமா கேளுங்க. அவங்ககிட்ட டிஏ மெஷினே இல்லன்னா திரும்ப கொடுக்காதீங்க, இன்னும் ஆழமா தேய்ப்பாங்க.

*அன்னிக்கு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நாலு வாஷ்ல பழைய கோடெல்லாம் திரும்ப வந்துடுச்சு*

கோட்ட எடுக்கல, எண்ணெய் மாதிரி ஒரு ஃபில்லர் போட்டு மறைச்சு அனுப்பியிருக்காங்க. அடுத்த தடவை எந்த கடைக்கு போனாலும் பாலிஷ் முடிஞ்சதும், கோட்டிங் போடறதுக்கு முன்னாடி, ஆல்கஹால் போட்டு துடைச்சு டார்ச் அடிச்சு காட்டச் சொல்லுங்க. வேலை தெரிஞ்சவன் சந்தோஷமா காட்டுவான்.

அறிகுறி 9: ஒரு கதவு மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு

பளபளப்பு குறைவு, ஆரஞ்சுப்பழ தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு, இல்ல கதவு ரப்பர் ஓரத்துல மாஸ்கிங் டேப் கோடு தெரியுது. புது காரா இருந்தா உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கயோ இடிச்சு பெயிண்ட் பண்ணியிருக்கலாம். கேஜ் வெச்சிருக்கற யார்கிட்டயாவது எல்லா பேனலையும் அளந்து வாங்கிக்கோங்க. கம்பெனி பெயிண்ட்னா பெரும்பாலும் 100லேர்ந்து 150 மைக்ரானுக்குள்ள, பேனலுக்கு பேனல் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்னு மட்டும் 250, 300ன்னு காட்டினா போட்டோ எடுத்து டீலருக்கு மெயில்ல அனுப்புங்க, வாயால சொன்னா காத்துல போயிடும். பிளாஸ்டிக் பம்பர்ல சாதாரண கேஜ் வேலை செய்யாது, அதுல நம்பர் வரலன்னு பயப்படாதீங்க. முக்கியமா, இந்த சந்தேகம் தீர்ற வரைக்கும் பாலிஷோ கோட்டிங்கோ எதுவும் போடாதீங்க, அப்புறம் "நீங்க தான் வெளிய கொடுத்து கெடுத்தீங்க"ன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்க.

கிளியர் கோட் வெள்ளையா தோல் உரியற மாதிரி உரிஞ்சா அதுக்கு கடைல மருந்து கிடையாது. வாரண்டி இருந்தா வாரண்டி, இல்லன்னா ரீபெயிண்ட். புதுசா பெயிண்ட் அடிச்ச பேனலுக்கு ஒரு மாசமாவது மெழுகோ கோட்டிங்கோ போடாம விடணும், எத்தனை நாள்னு அடிச்ச பெயிண்டர்கிட்டயே கேட்டுக்கோங்க.

அறிகுறி 10: கார்ல ஒன்னும் இல்ல, ஷோரூம்ல கோட்டிங் போடுங்கன்னு துரத்தறாங்க

இதையும் வியாதி கணக்குல தான் சேர்க்கறேன். பில்லுல டெஃப்லான்னு ரெண்டு மூணாயிரம் சேர்த்திருந்தா எடுக்கச் சொல்லுங்க, சில மாசத்துல கழுவிட்டு போற பாலிஷ் தான் அது. அந்த காசுக்கு நல்ல ஸ்ப்ரே சீலண்ட் ஒரு பாட்டில் வாங்கி மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீங்களே போட்டுக்கலாம், கூரை பார்க்கிங் இருக்கறவங்களுக்கு இதுவே தாராளம்.

செராமிக், அதாவது பெயிண்ட் மேல தடவி இறுக விடற கெட்டியான கோட்டிங், நல்லது தான், அழுக்கு ஒட்டாது, கழுவறது சுலபமா இருக்கும், எச்சத்துக்கு கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனா 9 ஹெச் போட்டிருக்கோம் கோடே விழாதுன்னு சொன்னா நம்பாதீங்க, அந்த 9 ஹெச் பென்சிலால கீறி கெட்டித்தன்மைய பாக்கற கணக்கு, தூசில இருக்கற மணல் பென்சில விட கெட்டி. கல்லடிக்கு செராமிக் எதுவும் பண்ணாது. போர் தண்ணி புள்ளி செராமிக் மேலயும் வரும், முத்து முத்தா நிக்கற தண்ணி அங்கேயே காஞ்சா புள்ளி இன்னும் அழகா வட்டமா விழும். பதினஞ்சாயிரத்துலேர்ந்து முப்பத்தஞ்சாயிரம் கொடுத்து போட்டுட்டு அதே பனியன் துணில துடைச்சா காசு தண்டம்.

பிபிஎஃப் தான் கல்லடியையும் கீறலையும் உண்மைல தாங்கும், ஏன்னா பெயிண்ட் மேல 150, 200 மைக்ரானுக்கு ஒரு முழு ஃபிலிம். முழு கார் முக்கால் லட்சத்துல ஆரம்பிச்சு ரெண்டு லட்சம் வரைக்கும் போகும். டிபியு (நல்லா இழுபடற ஒரு வகை பிளாஸ்டிக்) மெட்டீரியலான்னு கேளுங்க, பிவிசின்னா விலை கம்மி, ஆனா மஞ்சளாகி விறைச்சுப்போகும். ரோல்ல இருக்கற பேரும் வாரண்டி கார்டுல இருக்கற பேரும் ஒன்னான்னு நின்னு பாருங்க. ஹைவேல நிறைய ஓட்டறவங்க முழு காருக்கு போகாம பேனட், பம்பர், மிர்ரர், கதவு பிடிக்கு உள்ள இருக்கற குழி, இந்த நாலுக்கு மட்டும் போட்டா காசு மூணுல ஒரு பங்குல முடியும், நான் அதத்தான் சொல்லுவேன். ஒட்டறதுக்கு முன்னாடி கோடு இருந்தா பாலிஷ் பண்ணி எடுத்துடணும், ஃபிலிமுக்கு அடில மாட்டின கோட்ட அப்புறம் தொட முடியாது. ஒட்டி ஒரு வாரத்துக்கு கழுவாதீங்க, ஓரம் தூக்கினா நீங்களே கைவெச்சு அழுத்தாம ஒட்டின கடைக்கே கொண்டு போங்க, அந்த ஓரத்துல தூசி புகுந்துட்டா அந்த பீஸையே மாத்தணும்.